பழைய கணினிக்குப் புதிய வாழ்வு

நாம் வாழும் புக்கிட் பாத்தோக் என்னும் ஊர்ப் பெயருக்குப் பெரியோர் பலவாறு பொருள் கூறுவர். மலாய் மொழியில் 'புக்கிட்' என்பது குன்று. 'பாத்துக்' என்பது இருமல். முற்காலத்தில் இங்குக் கருங்கல் எடுப்பதற்கு வெடி வைத்தபொழுது, குன்றே இருமுவதுபோல் ஓசை கேட்டதாம். அதனால் இப்பெயர் வந்தது என்பது ஒரு சாரார் கூற்று. கல் எடுக்கும் தொழில் ஓய்ந்த பின்னர், வெட்டிய பள்ளத்தில் நீர் தேங்கியது. அதனை நிரப்பி மேலே சாலை போடலாம் என்றுதான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதலில் எண்ணியது. ஆயினும், நீரின் நடுவே நிமிர்ந்து நின்ற பாறையின் அழகைக் கண்டு அவ்வெண்ணம் கைவிடப்பட்டது. இன்று 'லிட்டில் குய்லின்' என்று நாம் அழைத்து, மாலை வேளைகளில் குழந்தைகளோடு உலவி வரும் பூங்கா அதுவே.

பயன் தீர்ந்தது என்று கருதப்பட்ட பள்ளம் ஊருக்கே அணியாயிற்று. ஏறக்குறைய இதே பாடத்தை எங்கள் வீட்டுப் பழைய கணினியும் எங்களுக்குக் கற்பித்தது. அவ்வனுபவத்தை மாணவச் செல்வங்களுக்கும், பெற்றோர்க்கும், பேட்டைகளில் உழைக்கும் அன்பர்களுக்கும் பயன்படும் வகையில் இம்மலரின் வாயிலாக விளக்க விரும்புகிறோம்.

எங்களுக்கு நேர்ந்த சிக்கல்

எங்கள் மடிக்கணினி 2016ஆம் ஆண்டில் வாங்கியது. மகனும் மகளும் வீட்டுப்பாடம் செய்வது அதில்தான். குடும்பத்தின் படங்கள் அனைத்தும் இருப்பதும் அதில்தான். எல்லாவற்றிற்கும் மேலாக, கல் குவாரியில் லாரி ஓட்டிய எங்கள் தாத்தா, தாம் மறைவதற்கு முந்தைய ஆண்டு அந்நாள்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். நாங்கள் பதிவு செய்து வைத்த அவருடைய குரல் அக்கணினி ஒன்றில் மட்டுமே இருந்தது.

2025ஆம் ஆண்டில் அக்கணினியின் திரையில் ஓர் அறிவிப்பு அடிக்கடி தோன்றத் தொடங்கியது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்து வந்த ஆதரவு, அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவடைகிறது என்பதே அச்செய்தி. கடை ஒன்றில் காட்டினோம். "இதில் விண்டோஸ் 11 ஏறாது, புதியது வாங்குவதே நல்லது" என்றார்கள். புதியதன் விலையோ எங்கள் மாதச் செலவில் அடங்குவதாக இல்லை. அன்றிரவு பாட்டி கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அப்படியானால் தாத்தாவின் குரல் என்ன ஆகும்?"

அக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தபொழுதுதான் கணினியைப் பற்றி நாங்கள் எவ்வளவு குறைவாக அறிந்திருந்தோம் என்பது விளங்கிற்று.

இயங்குதளம் என்பது யாது?

நாம் வாழும் அடுக்குமாடிக் கட்டடத்தை எண்ணிப் பாருங்கள். சுவர், தூண், குழாய், மின்தூக்கி ஆகியவை கட்டடத்தின் உடல். அதில் குடியிருக்கும் குடும்பங்கள் பல. இவ்விரண்டிற்கும் இடையே, நம் கண்ணில் அதிகம் படாமல் உழைப்போர் சிலர் இருக்கின்றனர். விடியுமுன் தாழ்வாரத்தைக் கூட்டுவோர், மின்தூக்கியைப் பழுது பார்ப்போர், நீரை மேல்மாடிக்கு ஏற்றும் பொறியைக் கவனிப்போர் ஆகியோரே அவர்கள். அவர்கள் ஒரு நாள் வராவிட்டால் வீடு எத்துணை அழகாயிருந்தும் நாம் வாழ இயலாது.

கணினியும் அத்தகையதே. திரை, விசைப்பலகை, செயலி, நினைவகம், வட்டு ஆகியவை கட்டடம். எழுதவும் வரையவும் படம் பார்க்கவும் நாம் பயன்படுத்தும் நிரல்கள் குடியிருப்போர். இடையில் நின்று, எந்த நிரலுக்கு எவ்வளவு நினைவகம், எந்தக் கோப்பு வட்டில் எங்கே, எந்த விசை அழுத்தப்பட்டது என்றெல்லாம் கவனித்துக்கொள்வதே இயங்குதளம். அதன் உட்கருவைக் கெர்னல் என்பர். விண்டோஸ் என்பது ஓர் இயங்குதளம். லினக்ஸ் என்பதும் மற்றோர் இயங்குதளம். கட்டடம் ஒன்றேயாயினும் அதைப் பராமரிப்போரை மாற்ற முடியும் அன்றோ? அதுபோலக் கணினி ஒன்றேயாயினும் அதன் இயங்குதளத்தை மாற்ற முடியும்.

ஆதரவு முடிவது என்பதன் பொருளும் இவ்வுவமையால் விளங்கும். பராமரிப்போர் வருவதை நிறுத்திய மறுநாளே கட்டடம் இடிந்து விழுவதில்லை. ஆனால், பூட்டு ஒன்று கெட்டால் சரி செய்ய ஆளில்லை. திருடன் அவ்வழியைக் கண்டுகொண்டால் தடுப்பாரும் இல்லை. விண்டோஸ் 10 உள்ள கணினியும் 2025 அக்டோபர் 14க்குப் பிறகு வழக்கம்போல் ஓடும். எனினும், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் வழக்கமான முறையில் அடைக்கப்படா. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்பு அளிப்பதாக மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அறிவித்தது. அது சிந்திப்பதற்குக் கிடைத்த தவணையே தவிர நிலையான தீர்வு அன்று.

2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. டி.பி.எம். 2.0 எனப்படும் பாதுகாப்புச் சில்லு வேண்டும்; இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். எங்கள் கணினியின் செயலி 6ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. ஆகவே, அதன் உடலில் குறை ஒன்றும் இல்லை. புதிய பராமரிப்பாளரின் விதிகளுக்குள் அது அடங்கவில்லை, அவ்வளவே.

ஒரு மாணவரின் பொழுதுபோக்கு

லினக்ஸ் பிறந்த கதை மாணவர்களுக்கு ஊக்கமளிப்பதாகும். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், 1991 ஆகஸ்ட் 25 அன்று தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக உலகுக்கு அறிவித்தார். அது வெறும் பொழுதுபோக்கே என்றும், பெரிய அளவில் வளரக்கூடியது அன்று என்றும் அடக்கத்துடன் குறிப்பிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் முதற்பதிப்பு வெளிவந்தது. நாடு பல கடந்து நிரலாளர்கள் அதனைத் திருத்தினர், சேர்த்தனர், வளர்த்தனர்.

அதற்கு முன்னரே, 1983ஆம் ஆண்டில், அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் 'குனூ' என்னும் திட்டத்தைத் தொடங்கியிருந்தார். மென்பொருளை இயக்கவும், அதன் உள்ளமைப்பைப் படிக்கவும், திருத்தவும், பிறரோடு பகிரவும் அனைவருக்கும் உரிமை வேண்டும் என்பது அவர் கொள்கை. இதனையே தமிழில் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். 1992 முதல் லினக்ஸும் இவ்வுரிமையை அளிக்கும் குனூ பொது உரிமத்தின்கீழ் வழங்கப்பட்டு வருகிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். தேக்காவில் மசாலாப் பொட்டலம் வாங்குகிறோம். கலவை எவ்விதம் என்பது செய்தவருக்கு மட்டுமே தெரியும். அவர் கடையை மூடினால் அச்சுவையும் போயிற்று. பாட்டி தம் கைப்பக்குவத்தை எழுதிக் கொடுத்தாலோ, நாமே அரைக்கலாம், காரம் குறைக்கலாம், அண்டை வீட்டாருக்கும் சொல்லிக் கொடுக்கலாம். விண்டோஸ் பொட்டலம் போன்றது. லினக்ஸ் எழுதிக் கொடுத்த பக்குவம் போன்றது. அதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன் பெருமை விலையின்மையில் இல்லை, அவ்வுரிமையில் இருக்கிறது. ஒரு நிறுவனம் கைவிட்டாலும் மற்றவர் எடுத்து நடத்த இயலும் என்பதே பழைய கணினி வைத்திருப்போர்க்கு ஆறுதல்.

லினக்ஸ் நமக்குப் புதியது என்று எண்ண வேண்டா. ஊருக்குப் பேச நாம் எடுக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் உட்கரு லினக்ஸே. உயர்நிலைப் பள்ளி மாணவர் பலர் கையில் இருக்கும் குரோம்புக் மடிக்கணினியின் உட்கருவும் அதுவே. 2017 நவம்பர்ப் பட்டியல் முதல், உலகின் 500 மிகு வேகக் கணினிகள் அனைத்தும் லினக்ஸில்தான் இயங்குகின்றன. 2021 ஏப்ரலில் செவ்வாய்க் கோளில் பறந்த 'இன்ஜெனூட்டி' என்னும் சிறு ஹெலிகாப்டரும் லினக்ஸைக் கொண்டே இயங்கியது.

கெர்னலோடு உலாவி, எழுதுகருவி முதலியவற்றையும் சேர்த்து, எளிதில் நிறுவத்தக்க தொகுப்பாக அளிப்பதை 'வழங்கல்' என்பர். 1993இல் தோன்றிய டெபியன், 2004இல் தோன்றிய உபுண்டு, 2006இல் தோன்றிய லினக்ஸ் மின்ட் ஆகியவை புகழ்பெற்றவை. விண்டோஸுக்குப் பழகிய கண்ணுக்கு அந்நியமாகத் தோன்றாதது என்பதால் நாங்கள் லினக்ஸ் மின்ட்டைத் தேர்ந்தெடுத்தோம். அதற்கு 2 ஜிகாபைட் நினைவகம் போதும். 4 இருந்தால் நலம். வட்டில் 20 ஜிகாபைட் இடமாவது வேண்டும்; 100 இருந்தால் தாராளம்.

தமிழ் வருமா?

எங்கள் வீட்டில் எழுந்த முதல் ஐயம் இதுவே. மகளுக்குத் தமிழில் கட்டுரை எழுத வேண்டும். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்க வரும்.

கணினித் தமிழின் வரலாற்றில் நம் சிங்கப்பூருக்குச் சிறப்பிடம் உண்டு. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்விக் கழகத்தில் பணியாற்றிய எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, இணையத்தில் தமிழைக் கொண்டு வர அரும்பாடுபட்ட முன்னோடி. சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் தாங்கிய இணையத்தளம் 1995இல் வெளியானபொழுது, அதில் தமிழும் இடம்பெற்றது. 1997 மே மாதத்தில், தமிழ் இணையத்திற்கான முதல் மாநாடு இங்கேயே அவர் முயற்சியால் கூடியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டில் தமிழ்99 விசைப்பலகை உருப்பெற்றது. 2000ஆம் ஆண்டில் மீண்டும் சிங்கப்பூரில் கூடிய மாநாட்டில் 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல்தொழில்நுட்ப மன்றம் தோன்றியது.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனி எண் அளிக்கும் யூனிகோடு முறையின் முதற்பதிப்பு வெளிவந்தது லினக்ஸ் பிறந்த அதே 1991ஆம் ஆண்டில். அதிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. இன்றைய லினக்ஸ் வழங்கல்கள் யூனிகோடையே அடிப்படையாகக் கொண்டவை. ஆதலால் தமிழ் எழுத்துகள் செம்மையாகத் தெரிகின்றன. தட்டச்சு செய்வதற்குத் தமிழ்99, ஒலிப்பு முறை, பழைய தட்டச்சுப் பொறி முறை ஆகிய மூன்றும் கிடைக்கின்றன. தன்னார்வலர் பலர் ஊதியம் கருதாது பட்டியல்களையும் அறிவிப்புகளையும் தமிழாக்கியுள்ளனர். எல்லாச் சொல்லும் தமிழாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை; ஆங்காங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது. ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு வைத்து, அதற்குரிய மொழியைத் தனியே அமைக்கலாம். பாட்டியின் கணக்கு தமிழிலும், பிள்ளைகளின் கணக்கு ஆங்கிலத்திலும் இருக்கும்படி நாங்கள் அமைத்தோம்.

முதற்பணி: படி எடுத்தல்

இயங்குதளத்தை மாற்றும்பொழுது வட்டில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடக்கூடும். ஆகவே, முதலில் செய்ய வேண்டியது கோப்புகளைப் படி எடுத்து வேறிடத்தில் வைப்பதே. இதனைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது என்று அழுத்தமாகச் சொல்கிறோம்.

2025ஆம் ஆண்டின் இறுதிப் பள்ளி விடுமுறையில் இப்பணியைத் தொடங்கினோம். படங்கள், ஆவணங்கள், தாத்தாவின் குரல் ஆகியவற்றை ஒரு வெளி வன்தட்டிற்குப் படி எடுத்தோம். வேலை முடிந்தது என்று மகிழ்ந்து வன்தட்டைப் பிடுங்கி எடுத்துவிட்டோம். "படி எடுத்தது சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டாமா?" என்று கேட்டவள் நான்காம் வகுப்பில் படிக்கும் மகள்.

திறந்து பார்த்தோம். படங்கள் நன்றாயிருந்தன. தாத்தாவின் குரல் மட்டும் பாதியில் நின்றுவிட்டது. குவாரியில் வெடி வைக்குமுன் அபாயச் சங்கு ஊதுவார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தவர், அடுத்த சொல் இல்லாமல் மௌனமானார். வீட்டில் யாரும் பேசவில்லை. பெரிய கோப்பு முழுவதும் எழுதப்படுமுன் நாங்கள் அவசரப்பட்டு வன்தட்டைப் பிடுங்கியதே காரணம். நல்லவேளையாக மூலக் கோப்பு கணினியில் அப்படியே இருந்தது. மறுபடியும் படி எடுத்து, பாதுகாப்பாக அகற்றும் முறைப்படி வன்தட்டை நிறுத்தி, மீண்டும் இணைத்து, முதலிலிருந்து கடைசி வரை கேட்டோம். பிறகு, வேறொரு தம்ப் டிரைவில் இரண்டாவது படியும் எடுத்து, அதனை அத்தை வீட்டில் கொடுத்து வைத்தோம்.

அன்று நாங்கள் கற்றவை மூன்று. படி ஒன்றாக இருத்தலாகாது, இரண்டு வேண்டும். அவற்றுள் ஒன்று வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும். திறந்து பார்க்காத படி, படியே அன்று. விண்டோஸை மாற்ற எண்ணாதவர்களும் இம்மூன்றையும் இன்றே செய்யலாம்.

இன்னொரு குறிப்பும் உண்டு. சில கணினிகளில் 'பிட்லாக்கர்' என்னும் ஏற்பாட்டால் வட்டு பூட்டப்பட்டிருக்கும். அதனைத் திறக்கும் மீட்புக் குறியீட்டை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுதல் நன்று. கடவுச்சொற்களையும் மறவாமல் குறித்துக்கொள்ள வேண்டும்.

நிறுவாமலே ஓட்டிப் பார்த்தல்

துணி எடுக்கும்பொழுது போட்டுப் பார்த்து வாங்குவதுபோல், லினக்ஸையும் நிறுவுமுன் ஓட்டிப் பார்க்கலாம். இது பலருக்குத் தெரியாத வசதி. அதன் முறை வருமாறு:

முதலாவதாக, 8 ஜிகாபைட் கொள்ளளவுள்ள தம்ப் டிரைவ் ஒன்று வேண்டும். அதில் உள்ளவை அழிந்துவிடும் என்பதால் வெறுமையானதாக இருத்தல் நலம்.

இரண்டாவதாக, லினக்ஸ் மின்ட்டின் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து அதன் நிறுவற்கோப்பை இறக்கிக்கொள்ள வேண்டும். பிற இடங்களிலிருந்து எடுத்தல் ஆபத்து.

மூன்றாவதாக, ரூஃபஸ், பலேனா எட்சர் போன்ற சிறு நிரல் ஒன்றால் அக்கோப்பைத் தம்ப் டிரைவில் எழுத வேண்டும். சாதாரணமாக இழுத்துப் போட்டால் அது வேலை செய்யாது.

நான்காவதாக, தம்ப் டிரைவைச் செருகியபடியே கணினியை மீண்டும் தொடங்கி, எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற ஒரு விசையை அழுத்த வேண்டும். எந்த விசை என்பது கணினிக்குக் கணினி மாறும். தோன்றும் பட்டியலில் தம்ப் டிரைவைத் தேர்ந்தெடுத்தால், வட்டில் எதையும் தொடாமல் லினக்ஸ் திரையில் தோன்றும்.

அவ்வாறு தோன்றியபொழுது பிள்ளைகள் கைதட்டினர். ஆயினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கம்பியில்லா இணையம் வரவில்லை. ஓட்டிப் பார்ப்பதன் பயனே இதுதான்: குறையை நிறுவுவதற்கு முன்பே அறிந்துகொள்ளலாம். கைப்பேசியைக் கம்பியால் கணினியோடு இணைத்து, அதன் இணையத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தினோம். 'இயக்கி மேலாளர்' என்னும் பகுதி, எங்கள் சில்லுக்கு வேண்டிய இயக்கியைத் தானே காட்டியது. பின்னர் ஒலி, படப்பிடிப்புக் கருவி, அச்சுப்பொறி ஆகியவற்றையும் ஒவ்வொன்றாகச் சோதித்தோம். மகன் உலாவியில் பள்ளியின் மாணவர் கற்றல் தளத்தில் நுழைந்து பாடத்தைத் திறந்து பார்த்தான். அஃது உலாவியில் இயங்குவது. ஆகவே தடையின்றித் திறந்தது. தம்ப் டிரைவிலிருந்து ஓடுவதால் வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும். நிறுவிய பின் அக்குறை நீங்கிவிடும்.

நிறுவிய நாள்

நிறுவும் பொழுது ஒரு முக்கியமான கேள்வி எழும். விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸை நிறுவுவதா? அன்றி, வட்டு முழுவதையும் அழித்து லினக்ஸை மட்டும் நிறுவுவதா? ஐயமுள்ளவர்கள் முதல் வழியைத் தேர்ந்தெடுக்கலாம். கணினியைத் தொடங்கும்பொழுதெல்லாம் எது வேண்டும் என்று அது கேட்கும். எங்கள் வட்டு சிறியது, படிகளும் சோதிக்கப்பட்டுவிட்டன. ஆகவே, இரண்டாம் வழியைத் தேர்ந்தோம். மொழி, விசைப்பலகை, நேரமண்டலத்திற்குச் சிங்கப்பூர், பயனர் பெயர், கடவுச்சொல் ஆகியவற்றைக் கேட்டது. ஏறத்தாழ அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. மடிக்கணினியாதலால் மின்கம்பியைச் செருகி வைத்தே செய்தோம்.

பின்னர்ச் செய்தவை நான்கு. புதுப்பிப்புகள் அனைத்தையும் ஏற்றினோம். 'டைம்ஷிஃப்ட்' என்னும் கருவியால், ஏதேனும் கெட்டால் முந்தைய நிலைக்குத் திரும்புவதற்கு ஏற்பாடு செய்தோம். தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தோம். இறுதியாக, வன்தட்டிலிருந்து கோப்புகளைத் திரும்பக் கொண்டுவந்தோம். முதலில் கொண்டுவந்தது எதுவென்று சொல்ல வேண்டுவதில்லை. பாட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, அபாயச் சங்கைத் தாண்டிக் கடைசிச் சொல் வரை கேட்டார்கள்.

மறைக்காமல் சொல்ல வேண்டியவை

லினக்ஸில் குறையே இல்லை என்று சொன்னால் அது நேர்மையாகாது. மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் நிரல்களை அதில் நேரடியாக நிறுவ இயலாது. அவற்றிற்கு ஈடாக, 2010இல் தோன்றிய லிப்ரே ஆஃபிஸ் உண்டு. பெரும்பாலான கோப்புகளை நன்றாகத் திறக்கிறது. ஆயினும் சிக்கலான பக்க அமைப்புகள் சில இடம் மாறிவிடுகின்றன. ஃபோட்டோஷாப் போன்ற சில தொழில் நிரல்களும், இணைய வழி விளையாட்டுகள் சிலவும் இயங்கா. அத்தகையவை தொழிலுக்குக் கட்டாயம் தேவைப்படுவோர் அவசரப்படலாகாது. லினக்ஸிலும் பாதுகாப்பு ஓட்டைகள் தோன்றும். ஆகவே புதுப்பித்தலில் சோம்பல் கூடாது. எவர் அனுப்பினார் என்று அறியாத இணைப்பை அழுத்தி ஏமாறுவதை எந்த இயங்குதளமும் தடுத்துவிடாது.

பெரிய அளவில் மாறியோரின் அனுபவமும் இதனையே கூறுகிறது. கேரளத்து அரசுப் பள்ளிகள் தம் கணினிப் பாடத்தைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றின. ஆசிரியர்களுக்கு முறையாகப் பயிற்சி அளித்ததால் அம்மாற்றம் நிலைத்தது. தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு இந்தியாவிலேயே உருவான 'பாஸ்' லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சியோ, 2003இல் முடிவெடுத்து ஆயிரக்கணக்கான கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிய பின்னர், 2017இல் மீண்டும் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. பொறியை மாற்றுவது எளிது. அதைப் பயன்படுத்துவோரைத் தயார் செய்வதே அரிது என்பது இவற்றால் விளங்கும். எங்கள் வீட்டிலும் முதல் வாரம், 'அந்தப் பொத்தான் எங்கே, இந்தப் பொத்தான் எங்கே' என்ற கேள்விகளிலேயே கழிந்தது. இரண்டாம் வாரத்தில் கேள்விகள் குறைந்தன.

ஏன் இத்தனை முயற்சி?

பணம் மிச்சமாவது ஒரு காரணம். மற்றொன்று நம் தீவைப் பற்றியது. சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்வதாகத் தேசியச் சுற்றுப்புற வாரியம் கூறுகிறது. நம் கழிவின் சாம்பலை ஏற்கும் செமாக்காவ் நிரப்புநிலம் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்றும் கணிக்கப்பட்டுள்ளது. பழுதுபட்ட மின்னணுப் பொருள்களை முறையாகச் சேகரித்து மறுபயனீடு செய்வதற்கு 2021 ஜூலை முதல் சட்டப்படியான ஏற்பாடு உண்டு. எனினும், கழிவைச் சேகரிப்பதனினும் கழிவாகாமல் காப்பது மேலன்றோ? உண்மையிலேயே கணினி இல்லாத, வருவாய் குறைந்த குடும்பங்களுக்குச் சலுகை விலையில் கணினி பெற்றுத் தரும் அரசுத் திட்டமும் 2023 முதல் நடைமுறைக்கு வந்தது. அதனைக் கேட்டுப் பெறுவதில் கூச்சம் வேண்டா.

மூன்றாவது காரணம் மாணவர்களுக்குரியது. கணினி என்பது எவரோ செய்து தந்த மந்திரப் பெட்டி அன்று. அதைத் திறந்து பார்க்கலாம். எவ்வாறு இயங்குகிறது என்று கேட்கலாம். தவறு செய்து திருத்தலாம். எங்கள் மகள் "திறந்து பார்க்க வேண்டாமா?" என்று கேட்டாளே, அக்கேள்விதான் கல்வியின் தொடக்கம்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டிலும் மூலையில் பழைய கணினி ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். பெற்றோரின் இசைவு பெற்று, அவர்களோடு சேர்ந்து அமர்ந்து அதனை எழுப்பிப் பாருங்கள். பெற்றோர்களே! பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிடில் சேர்ந்தே தேடுங்கள். எங்களுக்கும் தொடக்கத்தில் ஒன்றும் தெரியாது. ஓய்வு நாளில் இவ்வித்தையைக் கற்க விரும்பும் தொழிலாள அன்பர்களே! பட்டமோ கட்டணமோ இதற்குத் தேவையில்லை. ஒரு தம்ப் டிரைவும் ஒரு பிற்பகலும் பொறுமையும் போதும்.

ஆனால், எவராயினும் முதலில் படி எடுங்கள். எடுத்த படியைத் திறந்து பாருங்கள். மற்றவை அதன் பிறகு.